விஎம்முக்குள் பெர்ஃப்: கவுன்ட்டரில் ஏறாத நேரம் எங்கே போகிறது?

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றின் சர்வரை வைத்துக்கொள்வோம். ஒரே இயந்திரத்தில் கேவிஎம், அதாவது ஒரு சர்வரைப் பல மெய்நிகர் இயந்திரங்களாக (விஎம்) பிரித்துக் கொடுக்கும் லினக்ஸ் ஹைப்பர்வைசர். டேட்டாபேஸுக்கு ஒரு விஎம், டேலிக்கு ஒன்று, ஃபைல் சர்வருக்கு ஒன்று. வாரச் சம்பளக் கணக்கு ஓடினால் டேட்டாபேஸ் இழுக்கிறது. உள்ளே 'டாப்' போட்டால் சிபியு முழுசாக ஓடுவது தெரியும், ஏன் என்பது தெரியாது. அதற்கு, ஓடிய சைக்கிளையும் முடித்த இன்ஸ்ட்ரக்சனையும் சிபியுவுக்குள்ளேயே எண்ணும் ஹார்டுவேர் கவுன்ட்டர் வேண்டும். அதைப் படிக்கும் லினக்ஸ் கருவிதான் 'பெர்ஃப்'.

முதலில் கவுன்ட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். 'பெர்ஃப் ஸ்டாட்' ஓட்டும்போது டாஸ்க்-கிளாக்குக்கு (விஎம் தன் கணக்கில் புரோகிராமுக்குக் கொடுத்த சிபியு நேரம்) எண் வந்து, சைக்கிள்ஸுக்கு நேராக 'நாட் சப்போர்ட்டட்' என்று வந்தால், விஎம்முக்கு பிஎம்யு (கவுன்ட்டர்கள் இருக்கும் சிபியு பகுதி) கொடுக்கப்படவில்லை. ஹோஸ்டில், அதாவது விஎம்களைத் தாங்கும் அசல் இயந்திரத்தில், 'விர்ஷ் எடிட்' (விஎம்மின் அமைப்பை மாற்றும் கட்டளை) போட்டு, ஃபீச்சர்ஸ் பகுதியில் பிஎம்யு ஸ்டேட்டை ஆன் ஆக்கி, சிபியு மோடை ஹோஸ்ட்-பாஸ்த்ரூ ஆக்குங்கள். கெஸ்டுக்குள் (விஎம்முக்குள்) ரீபூட் செய்தால் போதாது. விஎம்மை ஷட்டவுன் செய்து திரும்ப ஸ்டார்ட் செய்ய வேண்டும். விஎம்வேரில் சிபியு செட்டிங்கிலேயே இதற்கு ஒரு டிக் இருக்கிறது.

எண் வந்துவிட்டது என்று நம்பிவிடக் கூடாது. கெஸ்டின் கோடு கோரில் ஓடும் நேரத்தை மட்டும்தான் கேவிஎம் எண்ணுகிறது. ஹைப்பர்வைசர் வேலை செய்யும்போதும், பக்கத்து விஎம் கோரைப் பிடித்திருக்கும்போதும் கவுன்ட்டர் நிற்கும், கடிகாரம் நிற்காது. சோமனூர்த் தறியில் மாட்டும் பிக் கவுன்ட்டர் மாதிரி: ஓடிய பிக் (ஊடை இழை) எத்தனை என்று சொல்லும், தறி நின்ற நேரத்தைச் சொல்லாது. அதனால்தான் சைக்கிளுக்கு 1.8 இன்ஸ்ட்ரக்‌ஷன் என்று அழகாகக் காட்டிக்கொண்டே ரிப்போர்ட் தாமதமாகிறது.

நின்ற நேரத்தைக் கண்டுபிடிக்க ரெஃப்-சைக்கிள்ஸையும் (சிபியு வேகம் மாறினாலும் ஒரே சீராக எண்ணும் சைக்கிள்) டாஸ்க்-கிளாக்கையும் சேர்த்து எடுங்கள். டாஸ்க்-கிளாக் 10,000 மில்லிசெகண்ட், ரெஃப்-சைக்கிள்ஸ் 1,800 கோடி என்றால் வகுத்து வருவது 1.8 கிகாஹெர்ட்ஸ். அந்த சிபியுவின் டிஎஸ்சி (வேகம் மாறாத உள் கடிகாரம்) 2.4 கிகாஹெர்ட்ஸ் என்றால், கால்வாசி நேரம் விஎம் கோரிலேயே இல்லை. வெறும் சைக்கிள்ஸில் இந்தக் கணக்கு சரிவராது, டர்போ வந்து சிபியு வேகம் கூடினால் அந்த எண் மாறிவிடும். ரூட்டாக ஓட்டுங்கள். ஈவென்ட் பெயரின் வாலில் ':யு' ஒட்டியிருந்தால் கெர்னலில் செலவான சைக்கிள் சேரவில்லை என்று பொருள், விடை தப்பாகத்தான் வரும். ஓரத்தில் சதவீதம் தெரிந்தால் கேட்ட ஈவென்டுக்குக் கவுன்ட்டர் பத்தாமல் மாற்றி மாற்றி எண்ணி, மீதியை மதிப்பிட்டுக் காட்டுகிறது. ஒரு கோரை இரண்டு த்ரெடாகக் காட்டும் ஹைப்பர்த்ரெடிங் ஆனில் இருக்கும் ஸ்கைலேக்கில் (இன்டெல் சிபியு வகை), ஒரே வேலைக்கென்று ஒதுக்கிய ஃபிக்ஸட் மூன்று போக, ஒரு த்ரெடுக்குப் பொதுக் கவுன்ட்டர் நாலுதான்.

அடுத்து 'விஎம்ஸ்டாட்'டில் ஸ்டீல் பாருங்கள். அது அதிகம் என்றால் கோருக்குப் போட்டி. விர்ஷில் விசிபியுவை (விஎம்முக்குக் கொடுத்த சிபியு) குறிப்பிட்ட கோரோடு பின் செய்யுங்கள். ஸ்டீல் குறைவு, ஆனாலும் மேலே சொன்ன இடைவெளி இருக்கிறது என்றால், நேரம் விஎம்-எக்ஸிட்டில், அதாவது விஎம் நின்று வேலை ஹைப்பர்வைசர் கைக்குப் போவதில், போகிறது. விசிபியு கியூவில் காத்திருந்த நேரம்தான் ஸ்டீலில் சேரும், எக்ஸிட்டைக் கையாளும் நேரம் சேராது. எந்த எக்ஸிட் அதிகம் என்று ஹோஸ்டில் 'பெர்ஃப் கேவிஎம் ஸ்டாட்' காட்டும்.

இடைவெளியே இல்லாமல் ஐபிசி (சைக்கிளுக்கு எத்தனை இன்ஸ்ட்ரக்சன்) மட்டும் விழுந்தால் டிஎல்பியை (மெமரி முகவரிகளை நினைவில் வைக்கும் சிறு கேஷ்) சந்தேகப்படுங்கள். நேரடி இயந்திரத்தில், டிஎல்பியில் இல்லாத முகவரியைப் பேஜ் டேபிளில் தேடும் ஒரு பேஜ் வாக்குக்கு 4 முறை மெமரியைத் தொட்டால் போதும். விஎம்மில், நாலு லெவல் பேஜ் டேபிள் இரண்டு அடுக்காக இருப்பதால், 24 வரை போகும். டேட்டாபேஸுக்கு ஹோஸ்ட், கெஸ்ட் இரண்டிலும் 2 எம்பி ஹ்யூஜ் பேஜ் கொடுங்கள். ஒரு பக்கம் மட்டும் கொடுத்தால் பாதிப் பலன்தான்.

எந்த வரியில் நேரம் போகிறது என்று அவ்வப்போது சாம்பிள் எடுக்கும் 'பெர்ஃப் ரெகார்ட்' வேறு விஷயம். ஒவ்வொரு சாம்பிளின் இன்டரப்டும் ஹோஸ்ட் வழியாகச் சுற்றி வருவதால் 99 ஹெர்ட்ஸ் போதும். பல கெஸ்ட்களில் பெப்ஸ் (சரியான வரியைப் பிடிக்கும் இன்டெல் வசதி) கிடைக்காது, குற்றவாளி வரியைத் தாண்டிக் கீழே உள்ள வரி மேல் பழி விழும். இன்னொன்று: அதே நேரத்தில் ஹோஸ்டில் யாராவது பெர்ஃப் ஓட்டினால், கெஸ்டின் கவுன்ட்டருக்கு இடம் கிடைக்காமல் எண் குறையலாம், பூஜ்ஜியம்கூட வரலாம். இதை கெஸ்ட் அறியாது, ஓரத்தில் சதவீதமும் வராது. அளப்பதற்கு முன் ஹோஸ்ட் அட்மினிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.