தலைகீழாகத் தைத்த 16 பக்கங்கள்

ஜூன் 12

இன்று ஆன் ஃபிராங்கின் பிறந்தநாள். நாஜிகளுக்கு அஞ்சி ஒளிந்திருந்தபோது எழுதிய நாட்குறிப்பால் உலகம் அறிந்த யூதச் சிறுமி. 1942-இல் இதே நாளில், 13 வயது நிறைந்தபோது, ஆம்ஸ்டர்டாமில் அவளுக்கு ஒரு நோட்டு பரிசாகக் கிடைத்தது. சிவப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட அட்டை, மூடிவைக்க ஒரு சின்னக் கொக்கி. ஆட்டோகிராஃப் வாங்குவதற்கென்று செய்த நோட்டு அது. அவள்தான் அதை நாட்குறிப்பாக்கிக்கொண்டாள்.

என்னுடைய முதல் டைரி கழித்துப்போட்ட சரக்கு. சிவகாசியில் டைரிக்கு ஏது பஞ்சம்? ஒன்பதாம் வகுப்பில் படிக்கும்போது அம்மா தான் வேலை செய்யும் பைண்டிங் பட்டறையிலிருந்து கொண்டுவந்தாள். அதில் ஒரு ஃபாரம், அதாவது பக்கங்களாக மடித்த ஒரு பெரிய தாள், தலைகீழாகத் தைத்திருந்தது. மார்ச் 5 முதல் 20 வரை, 16 பக்கங்கள். அந்த நாட்கள் வந்ததும் டைரியைத் திருப்பிப் பிடித்து எழுதினேன். இன்றும் அந்தப் பக்கங்களைப் படிக்க வேண்டுமென்றால் நோட்டைச் சுழற்றித்தான் ஆக வேண்டும்.

பத்து டைரிகள் சேர்ந்துவிட்டன. இந்த வருடம் அவற்றை முதலிலிருந்து படிப்பது என்று முடிவு செய்திருக்கிறேன்.

ஜூன் 19

முதல் டைரி முழுவதும் வரவுசெலவு மாதிரி இருக்கிறது. “இன்று புளிக்குழம்பு. கணக்கு டீச்சர் திட்டினார். கரண்ட் இல்லை.” ஆனாலும் அதைக் குறைத்துச் சொல்ல மனம் வரவில்லை. கை எழுதப் பழகியது அங்கேதான்.

ஆனும் அப்படித்தான் தொடங்கினாள். வகுப்பில் யார் எப்படி, யார் யாரோடு பேசுவதில்லை என்று வரிசையாக எழுதிவைத்தாள். ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஜூலை 6-ஆம் தேதி குடும்பத்தோடு தலைமறைவாக வேண்டியிருந்தது. பிரின்சென்கிராக்ட் 263 என்ற முகவரியில், அப்பாவின் அலுவலகத்துக்குப் பின்கட்டு. பிற்பாடு வந்தவர்களையும் சேர்த்து எட்டுப் பேர். பகலில் கீழே ஆட்கள் வேலை செய்வார்கள் என்பதால் குரல் எழக் கூடாது, தண்ணீர் திறக்கக் கூடாது.

அங்கே போன பிறகு கற்பனைத் தோழிகள் பலருக்குக் கடிதம் எழுதுவதுபோல எழுதினாள். பிடித்தமான ஒரு கதைத்தொடரில் வந்த பெண்களின் பெயர்களை அவர்களுக்கு வைத்துக்கொண்டாள். அவர்களில் ஒருத்திதான் கிட்டி. எதிரே ஒருத்தி உட்கார்ந்து கேட்கிறாள் என்று நினைத்துவிட்டால் ‘இன்று புளிக்குழம்பு’ என்று மட்டும் எழுதி நிறுத்த முடியாது. யார் வைத்தது, ஏன் கரித்தது என்று அவள் கேட்பாள் அல்லவா?

ஜூலை 13

அச்சகத்தில் அடுத்த வருடத்துத் தினசரிக் காலண்டருக்குப் பிழை பார்க்கிறேன். ராகு காலம், குளிகை, சந்திராஷ்டமம். ஓர் எழுத்து மாறினால் யாரோ ஒருவர் வீட்டு நல்ல காரியம் மாறிப்போகும். கண் எரிகிறது.

வீட்டுக்கு வந்து எழுத உட்கார இடம் தையல் மிஷின் பலகைதான். தம்பிக்கும் அதே பலகை வேண்டும். இன்று சண்டை. 1943-இல் இதே தேதியில் ஆன் தன் மேசைச் சண்டையை எழுதியிருக்கிறாள். அவளுடைய அறையில் தங்கியிருந்த பல் மருத்துவரிடம், வாரத்தில் இரண்டு பிற்பகல், நாலு மணியிலிருந்து ஐந்தரை வரை மேசையைத் தரச் சொல்லிக் கேட்டாள். அவர் மறுத்துவிட்டார். அவள் செய்வதை அவர் வேலையாகவே மதிக்கவில்லை. அவள் விடவில்லை. அப்பா தலையிட்டு வாங்கிக் கொடுத்தார்.

எழுதுகிற பெண்கள் முதலில் கேட்க வேண்டியது மேசையைத்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். தம்பியிடம் எட்டு மணியிலிருந்து ஒன்பதரை வரை என்று சொல்லிவிட்டேன். முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு ஒப்புக்கொண்டான்.

ஜூலை 21

ஆன் ஃபிராங்கைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவளுடைய துயரத்தைச் சொல்கிறார்கள். சொல்ல வேண்டியதுதான். அவளுடைய உழைப்பைச் சொல்கிறவர்கள்தான் குறைவு. 1944 மார்ச் 28 அன்று, லண்டனிலிருந்து பேசிய டச்சு அமைச்சர் போல்கஸ்டைன், போர் முடிந்ததும் மக்களின் நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் திரட்டப்போவதாக வானொலியில் அறிவித்தார். அதைக் கேட்ட ஆன் மே மாதம் உட்கார்ந்து தன் நாட்குறிப்பை முதலிலிருந்து திருத்தி எழுத ஆரம்பித்தாள். மெல்லிய தனித்தாள்களில், இருநூறுக்கும் மேற்பட்ட தாள்கள், பத்தே வாரங்களில். தோழிகள் பலர் போய் கிட்டி ஒருத்தி நின்றாள். பல பகுதிகளை வெட்டினாள், சிலவற்றைச் சேர்த்தாள். பின்கட்டு என்ற பொருளில் தலைப்பும் வைத்தாள். 14 வயதில் தொடங்கி, 15 முடிந்த கையோடு தொடர்ந்த வேலை!

அதற்கு முன்பே, அந்த வருடம் ஜனவரி 2-ஆம் தேதி பழைய பக்கங்களைப் புரட்டியவள், அம்மாவைப் பற்றித் தான் எழுதியிருந்த கடுஞ்சொற்களைக் கண்டு அதிர்ந்துபோனாள்.

இதைப் படித்த ராத்திரி என்னுடைய மூன்றாவது டைரியை எடுத்தேன். பிளஸ் ஒன் படித்த வருடம், டிசம்பர் மாதம். எனக்குக் கட்டுரைப் போட்டியில் பரிசு கிடைத்த நாள்.

“அம்மா வரவில்லை. எல்லோருடைய அம்மாவும் வந்திருந்தார்கள். ராத்திரி கட்டுரையைப் படித்துக் காட்டினேன். தூங்கிவிட்டாள். அவளுக்கு நான் ஒரு பொருட்டே இல்லை.”

ஆகஸ்ட் 1

பத்து நாட்களாக அந்த வரிகளோடு மல்லுக்கட்டுகிறேன். எல்லோருடைய அம்மாவும் வந்திருந்தார்கள் என்பது பொய். விருதுநகர் வரைக்கும் பஸ் ஏறி வந்த அம்மாக்கள் மூன்றோ நான்கோ. டிசம்பர் என்றால் பட்டறையில் மூச்சுவிட நேரமிருக்காது. அதை நான் அன்று எழுதவில்லை. தெரியாமல் இல்லை, கோபம்.

இப்போது தனித்தாளில் எழுதியது இவ்வளவுதான்:

“அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மயிர்க்கற்றையில் காகிதத் தூள். நான் படித்துக்கொண்டிருந்தேன். பாதியில் நிமிர்ந்து பார்த்தபோது கண் மூடியிருந்தது. ஆனால் வலது கைக் கட்டைவிரல் தூங்கவில்லை. மடியில் கிடந்த முந்தானையின் ஓரத்தை மடித்து, நகத்தால் ஒரு முறை அழுத்தித் தேய்த்தது. மறுபடி மடித்தது. மறுபடி தேய்த்தது.”

அந்த விரலை அன்றே பார்த்திருக்கிறேன். ஏழு வருடம் உள்ளேயே கிடந்திருக்கிறது.

ஆனுடைய கடைசிப் பதிவு 1944-இல் இதே நாள். வெளியே தெரிகிற கலகலப்பான ஆன், உள்ளே யாருக்கும் காட்டாத ஆன், இரண்டு பேரைப் பற்றியும் எழுதியிருக்கிறாள்.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. அச்சகங்களில் பூஜை போட்டு, புது வருடத்துக் காலண்டர் ஆல்பங்களை வெளியிட்டார்கள். நான் பிழை பார்த்த மாதிரித் தாளும் அதில் இருந்தது. அம்மாவிடம் காட்டினேன். எழுத்தை விட்டுவிட்டு முதலில் மடிப்பைத் தடவிப் பார்த்தாள்.

ஆகஸ்ட் 4

1944-இல் இந்த நாளில்தான் பின்கட்டில் இருந்த எட்டுப் பேரையும் நாஜிகள் பிடித்துக்கொண்டு போனார்கள். தரையில் சிதறிக் கிடந்த தாள்களையும் நோட்டுகளையும், ஒளிந்திருந்தவர்களுக்கு உதவிய அலுவலகப் பெண்கள் மீப் கீஸும் பெப் வாஸ்கைலும் பொறுக்கி எடுத்தார்கள். மீப் ஒரு வரிகூடப் படிக்காமல் மேசை இழுப்பறையில் வைத்துக் காத்தார், அவள் திரும்பி வந்து வாங்கிக்கொள்வாள் என்று. ஆன் 1945-இன் தொடக்கத்தில் பெர்கன்-பெல்சன் முகாமில் இறந்துபோனாள். உயிர் பிழைத்து வந்த அப்பாவின் முயற்சியால் 1947 ஜூன் 25 அன்று அந்த நாட்குறிப்பு நூலாக வந்தது. திருத்தி எழுதிய வேலை முடியவில்லை. 1944 மார்ச் 29-ஆம் தேதிப் பதிவோடு நின்றிருக்கிறது.

இன்று வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை.

ஆகஸ்ட் 5

எட்டு மணிக்கு அம்மாவை உட்காரவைத்து, திருத்தி எழுதிய பக்கத்தைப் படித்துக் காட்டினேன். பழைய வரிகளையும் படித்தேன். அதைப் படிக்கும்போது குரல் இடறியது.

அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “அன்று டைரி ஃபாரம் இல்லை, பாக்கெட் காலண்டர். சின்னத் தாள். விரல் ரொம்ப வலிக்கும்” என்றாள்.

“சரி அம்மா.”

“இன்னொன்று. நான் தூங்கவில்லை. கண்தான் எரிந்தது. உன் கட்டுரையில் கண்மாய் வறண்டது வருமே, அதில் ஒரு கொக்கு நிற்கும். எல்லாம் கேட்டேன்.”

கொக்கு இருந்ததையே நான் மறந்துவிட்டேன். பீரோவைத் துழாவி அந்தக் கட்டுரையை எடுத்துப் பார்த்தேன். மூன்றாம் பக்கத்தில் நிற்கிறது.

மணி ஒன்பதேகால். தம்பி கதவருகே வந்து நின்று எட்டிப் பார்க்கிறான். இன்னும் கால் மணி நேரம் இருக்கிறது. புதுத் தாள் ஒன்றை எடுத்திருக்கிறேன்.