தபாலில் ஒரு உலகப் பட்டம்

சதுரங்கம் என்றாலே பத்து வயதுப் பிள்ளைகள்தான் நினைவுக்கு வருகிறார்கள். சரி, மாஸ்கோவின் ஓல்கா ருப்ட்சோவா பெண்கள் உலகச் சாம்பியன் ஆனபோது அவருக்கு 47 வயது. ஐந்து பிள்ளைகளுக்குத் தாய்.

1909-இல் பிறந்தவர். 1927-இல் சோவியத் பெண்கள் பட்டம். அப்புறம் 1931, 1937, 1949 என்று இன்னும் மூன்று முறை. 1956-இல் உலகப் பட்டத்துக்கு ருப்ட்சோவா, அப்போதைய சாம்பியன் பைகோவா, அவருக்கு முந்தைய சாம்பியன் ருடென்கோ மூவரும் மோதினார்கள். ஒவ்வொருவரும் 16 ஆட்டம். ருப்ட்சோவா 10 புள்ளி, பைகோவா 9½. அந்த அரைப் புள்ளியில் பட்டம் கைக்கு வந்தது. 1958-இல் பைகோவா அதைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

எனக்குப் பிடித்தது இதற்கப்புறம் நடந்தது. 1968-இல் பெண்களுக்கான முதல் தபால் சதுரங்க உலகப் போட்டி தொடங்கியது. ஒரு நகர்த்தலை எழுதித் தபாலில் போட வேண்டும்; பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும். குதிரையை ஒரு தரம் நகர்த்தினால் அடுத்த நகர்த்தலுக்கு எத்தனை நாளோ! போட்டி முடிய 1972 ஆகிவிட்டது. ஜெயித்தது ருப்ட்சோவா.

பலகையில் நேருக்கு நேர், தபாலில் என்று இரண்டிலும் உலகச் சாம்பியன் ஆனவர் ஆண்களிலும் இல்லை, இவர் ஒருவர்தான். நானோ மொபைலில் எதிராளி பத்து விநாடி யோசித்தாலே பொறுமை இழந்துவிடுகிறேன்.

மகள் எலெனா பதாலிபெகோவாவும் 1974-இல் சோவியத் பெண்கள் பட்டம் வாங்கினார்.