சட்ட வரலாற்றுத் தாளுக்குக் கைடை விட்டுவிட்டு ஒரு வழக்கைப் பிடியுங்கள்

சட்ட வரலாறு என்றாலே 1726 மேயர் நீதிமன்றம், 1773 ரெகுலேட்டிங் சட்டம், 1861 உயர் நீதிமன்றச் சட்டம் என்று ஆண்டுகளை உருப்போட்டு, தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிற தாள் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். கைடு மட்டும் படித்தால் அப்படித்தான் ஆகும். நூலகத்தில் பழைய தீர்ப்புத் தொகுப்புகளின் பைண்டு வால்யூம்கள் இருக்கிற பக்கம் போய், ஒரே ஒரு வழக்கைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் போய்ப் பாருங்கள். எனக்கு இந்தத் தாள் பிடிபட்டது அப்படித்தான்.

நான் எடுத்துக்கொண்டது ராமநாதபுரம் தத்து வழக்கு. மூர்ஸ் இந்தியன் அப்பீல்ஸ், 12-ஆம் தொகுதி, 397-ஆம் பக்கம், பிரிவி கவுன்சில் (அன்று இந்திய வழக்குகளுக்கு லண்டனில் இருந்த கடைசி மேல்முறையீட்டு மன்றம்), 1868. ஆண் வாரிசில்லாமல் ஜமீன்தார் இறந்துபோகிறார், கணவர் அனுமதி கொடுக்காமலே ராணி பங்காளிகளின் சம்மதத்தோடு தத்து எடுக்கிறார், அது செல்லாது என்கிறார் மதுரை கலெக்டர். தெளிவாக நிரூபிக்கப்பட்ட வழக்கம் இருந்தால் அது நூலில் எழுதியிருப்பதைவிட மேலானது என்ற புகழ்பெற்ற வரி இதில்தான் வருகிறது. கைடில் அந்த ஒரு வரியோடு முடிந்துவிடும். தொகுதியைத் திறந்தால் இரண்டு பக்க வக்கீல்களின் வாதமும் அச்சாகியிருக்கும், தோற்ற கலெக்டர் பக்க வாதத்தைத் தயவுசெய்து விடாமல் படியுங்கள், நீதிபதிகள் எதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்பது அதைப் படித்தால்தான் விளங்கும். தீர்ப்புக்கு மேலே அச்சாகிற சுருக்கமான ஹெட்நோட் தீர்ப்பு ஆகாது, இதை நம் ஆட்கள் எத்தனை முறை சொன்னாலும் கேட்பதில்லை.

அப்புறம் காலத்தில் பின்னோக்கிப் போங்கள். இதே வழக்கு உயர் நீதிமன்றத்தில் இருந்தபோது வந்த தீர்ப்பு மெட்ராஸ் ஹைகோர்ட் ரிப்போர்ட்ஸ் 2-ஆம் தொகுதியில் இருக்கிறது. வழக்கு நடந்துகொண்டிருந்த காலத்திலேயே, 1864-ல், 11-ஆம் சட்டம் வந்து நீதிமன்றங்களில் இருந்த இந்து, முஸ்லிம் சட்ட அதிகாரிகளின் பதவியை எடுத்துவிட்டது. அதுவரை இந்து சட்டத்தைப் பண்டிதரிடம் கேட்ட நீதிபதிகள், இனி மொழிபெயர்த்த நூல்களையும் முன்தீர்ப்புகளையும் வைத்தே முடிவு செய்ய வேண்டிய நிலை. கைடில் இது தனிக் குறிப்பாகக் கிடக்கும், வழக்கோடு சேர்த்துப் படித்தால் மறக்காது.

1868-லிருந்து முன்னோக்கிப் போனால் 1876. யாருடைய சம்மதம் போதும் என்ற சண்டை, அன்று மெட்ராஸ் மாகாணத்தில் இருந்த கஞ்சம் (இன்று ஒடிசா) பக்கத்திலிருந்து பிரிவி கவுன்சிலுக்குப் போகிறது, ஐ.எல்.ஆர். (இந்தியன் லா ரிப்போர்ட்ஸ்) மெட்ராஸ் வரிசையின் முதல் தொகுதியிலேயே 69-ஆம் பக்கத்தில் கிடைக்கும். கடைசியில் 1956-ல் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம், 8-ஆம் பிரிவு, விதவை யார் சம்மதமும் இல்லாமல் தானே தத்து எடுக்கலாம் என்று முடித்துவைக்கிறது. தேர்வில் 'வழக்கம் சட்ட ஆதாரமாக' என்று கேட்டால் இந்த ஒரு கதையையே எழுதலாம்.

தேடும்போது ஒரு தொல்லை உண்டு, ஊர் பெயரும் ஆள் பெயரும் அந்தக் கால ஆங்கில எழுத்துக்கூட்டலில் இருக்கும். முத்து என்பதை ஒரு தொகுதியில் 'மூட்டூ' மாதிரி எழுதியிருப்பார்கள், இன்னொன்றில் வேறு மாதிரி, அதனால் இண்டெக்ஸில் பெயரை மட்டும் நம்பாமல் பொருள் தலைப்பிலும் பாருங்கள். மேற்கோள் குறியீட்டைப் பார்த்தே காலத்தைச் சொல்லப் பழகிக்கொண்டால் பாதி வேலை மிச்சம்: மூர்ஸ் என்றால் 1836 முதல் 1872 வரை, ஐ.எல்.ஆர். என்றால் 1876 முதல், ஏ.ஐ.ஆர். (ஆல் இந்தியா ரிப்போர்ட்டர்) என்றால் 1914 முதல்.

தாள் பொடிந்துபோகிற தொகுதிகளை ஜெராக்ஸ் மெஷினில் கவிழ்த்து அமுக்காதீர்கள், முதுகு விட்டுவிடும். நூலகரிடம் கேட்டுவிட்டு போனில் படம் எடுங்கள், முதலில் தொகுதியின் தலைப்புப் பக்கத்தை எடுங்கள், இல்லையென்றால் வீட்டுக்குப் போய் எந்தப் பக்கம் எந்தத் தொகுதியினுடையது என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான்.