அந்த இருபது நாள்

குடியுரிமை மனு தாக்கலானது 1944 செப்டம்பர் 22. மனுதாரர் தன் 13 வயது மகனைக் குளோரோஃபார்ம் கொடுத்துக் கொன்றது 1939 அக்டோபர் 12. மனுவுக்கு முந்தைய ஐந்தாண்டு நன்னடத்தையைத்தான் அமெரிக்கச் சட்டம் கேட்டது. மூன்று வாரம் பொறுத்திருந்தால் அந்தச் சாவு கணக்கிலேயே வந்திருக்காது.

பிறக்கும்போதே மூளையில் அடிபட்ட பிள்ளை. பார்வையோ பேச்சோ இல்லை. சிறு தொட்டிலிலேயே வாழ்நாள் கழிந்தது. மற்ற நான்கு பிள்ளைகளுக்கு அவர் பொறுப்பான தகப்பன். மகனைக் கொன்ற வழக்கில் ஜூரி குறைந்த குற்றத்தையே உறுதிசெய்து, இயன்றவரை கருணை காட்டச் சொன்னது. சிறைத்தண்டனையும் நிறுத்திவைக்கப்பட்டது. கீழ்க்கோர்ட் குடியுரிமை கொடுத்தது. அரசு மேல்முறையீட்டுக்குப் போனது.

1947 டிசம்பரில் அதை ரத்துசெய்தவர் லேர்னட் ஹேண்ட். 1909 முதல் நீதிபதி. 1924 முதல் நியூயார்க்கில் இரண்டாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் இருந்தவர். நீதிபதி தன் மனச்சாட்சியைச் சட்டமாக்கக் கூடாது, நாட்டில் பொதுவாக நிலவும் ஒழுக்க உணர்வையே பார்க்க வேண்டும் என்றார். அதை எப்படி அறிவது? கருத்துக்கணிப்பு உதவாது என்று அவரே எழுதுகிறார். ஜூரிக்கு வெறுப்பு எழவில்லை என்றும் ஒப்புக்கொள்கிறார். உடனே, மாசசூசெட்ஸில் இதேபோல் செய்தவருக்கு ஆயுள் தண்டனை என்று எதிர்த்தட்டில் வைக்கிறார். முடிவைச் சரிபார்க்க வழியில்லை என்று சொல்லிக்கொண்டே மறுக்கிறார்.

இது நேர்மை என்றுதான் எனக்குப் பல நாள் தோன்றியது. ஆனால் அதே ஆண்டு, உடன்பிறந்தார் மகளை மணந்தவருக்கு இதே அளவுகோலை வைத்து அவர்தான் குடியுரிமை கொடுத்தார். அங்கே பொதுமனம் அவருக்குத் தெரிந்தது எப்படி?

மகனைக் கொன்றவரின் வழக்கில் மாறுபட்ட தீர்ப்பு எழுதிய சக நீதிபதி ஜெரோம் ஃபிராங்க், வழக்கைத் திருப்பி அனுப்பி, ஒழுக்கத்தில் வழிகாட்டும் பெரியோரின் கருத்துக்குச் சாட்சியம் எடுக்கலாம் என்றார். அந்தப் பெரியோர் யார் என்று யார் முடிவுசெய்வது? அதைவிட ஹேண்டின் தடுமாற்றமே மேல் என்று படுகிறது. சில நாள் அப்படியும் படவில்லை.

புது மனு போடத் தடையில்லை என்றும் ஹேண்ட் எழுதினார். அதற்குள் அந்த அக்டோபர் ஐந்தாண்டுக்கு வெளியே போயிருந்தது. இது கருணையா? அப்படியானால் மறுத்தது எதற்கு?

அந்தக் கோர்ட்டில் வாதம் முடிந்ததும் மூன்று நீதிபதிகளும் கூடிப் பேசுமுன் தனித்தனியே குறிப்பு எழுதுவது அன்றைய வழக்கம். நான் எழுதுவதானால் முதல் வரியில் குடியுரிமையை உறுதிசெய்திருப்பேன். காரணம் எழுத வேண்டிய இரண்டாம் வரியில், பொதுமனத்தை எப்படி அறிவது என்ற ஹேண்டின் கேள்வியிலேயே வந்து நிற்கிறேன்.