செடிகளுக்காக ஒரு விளக்கு

மீன் தொட்டியில் ரோட்டாலா என்ற நீர்ச்செடியின் இலை நுனிகளில் இன்று மதியம் குமிழ்கள் கோத்திருந்தன. ஊசிமுனை அளவுதான். ஒவ்வொன்றாகக் கழன்று மேலே போயின.

செடி வெளியிட்ட ஆக்சிஜன் அது. நீரில் கரைந்தது போக மிஞ்சியதுதான் இப்படிக் கண்ணுக்குத் தெரிகிறது.

எத்தனை மகிழ்ச்சி எனக்கு! அந்த விளக்கு நான் செய்தது.

சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் வாங்கிய 3 வாட் எல்இடிகள். பெரும்பாலும் 6500 கெல்வின் வெள்ளை, இடையிடையே 660 நானோமீட்டர் சிவப்பு. தொடராக இணைத்து, 700 மில்லி ஆம்பியர் மின்னோட்டத்தைச் சீராகத் தரும் டிரைவர் என்ற மின்கருவி ஒன்று.

செய்ய நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: எல்இடிகளைப் பொருத்தும் அலுமினியச் சட்டத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். எல்இடிக்குள் போகும் மின்சாரத்தில் கணிசமான பங்கு வெப்பமாகிறது. அது முதுகுப் பக்கமாக வெளியேறாவிட்டால் வெளிச்சம் மங்கும், ஆயுளும் குறையும். எல்இடிக்கும் சட்டத்துக்கும் நடுவே வெப்பம் கடத்தும் பசையை (தெர்மல் பேஸ்ட்) மெல்லியதாகத் தடவுங்கள். அப்பினால் வெப்பம் கடத்துவது கெடும்.

மீன் அழகாகத் தெரிய எந்த வெளிச்சமும் போதும். செடிக்கு அதுவே சாப்பாடு. ஆனாலும் அளவு மீறினால் பாசி முந்திக்கொள்ளும். அதனால் டைமர் கட்டாயம்.

அடுத்து வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க டிம்மர் பொருத்த வேண்டும். கொளத்தூர் மீன் சந்தையில் கிரிப்டோகோரைன் என்ற நீர்ச்செடி ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். நிழலிலேயே நன்றாக வளரும் செடி, அதற்கு இத்தனை வெளிச்சம் தேவையில்லை.