மூக்கின் ஓரத்தில் ஒரு முத்து

ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் 40 ஆண்டுகள் வெயிலில் கூரை வேலை பார்த்தவர். இளமையில் தொப்பி போட்டதே இல்லையாம். அவர் மூக்கின் ஓரத்தில் முத்துப் போல மினுங்கும் சின்னப் பரு ஒன்று மாதக்கணக்கில் ஆறவே இல்லை. நேற்று நான்தான் தோல் மருத்துவரிடம் அழைத்துப் போனேன்.

மருத்துவர் கத்தியைத் தொடவில்லை. டெர்மோஸ்கோப் என்ற கைக்கருவியைப் பருவின்மேல் வைத்தார். 10 மடங்கு பெருக்கும் லென்ஸ், தோலின் பளபளப்பை அடக்கும் ஒளி, அவ்வளவுதான். திரையைப் பார்த்து அதிர்ந்துபோனேன். இலையுதிர்ந்த மரக்கிளைகள் போலச் சிவந்த ரத்த நாளங்கள். நடுவே சாம்பல் கலந்த நீலத் திட்டுகள். வெயில் அதிகம் பட்ட தோலில் வரும் பேசல் செல் என்ற தோல் புற்றுநோயின் அடையாளம் என்றார். பெரும்பாலும் பரவாது, கவனிக்காமல் விட்டால் மூக்கையே அரித்துவிடும்.

கான்ஃபோகல் நுண்ணோக்கி இன்னும் ஒரு படி மேலே. 830 நானோமீட்டர் லேசர் ஒளியால், வெட்டாமலே செல்களைக் காட்டுகிறது. ஆனால் சுமார் கால் மில்லிமீட்டர் ஆழம்தான் அதன் எல்லை. அதனால் பயாப்சி, அதாவது தோலில் சிறு துண்டு வெட்டியெடுத்துச் சோதிப்பது, ஒழியவில்லை. தேவையற்ற வெட்டுகள் குறைகின்றன. முகத்தில் அது எவ்வளவு பெரிய விஷயம்!

நம் போன்ற மாநிறத் தோலில் மெலனோமா என்ற கொடிய தோல் புற்றுநோய் பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடியில் வரும். அதற்கு வெயில் முக்கியக் காரணமல்ல. பாதத்து ரேகை மேடுகளில் கருமை ஓடினால் சந்தேகம், பள்ளங்களில் ஓடினால் பெரும்பாலும் வெறும் மச்சம். அதையும் இதே கருவி பிரித்துக் காட்டுகிறது.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவின் பாதங்களை டார்ச் அடித்துப் பார்த்தேன். வியாழக்கிழமை பெரியவருக்குப் பயாப்சி. நானும் போகிறேன்.