தைப்பேயில் குப்பை வண்டி வரும் நேரம்

தைவானுக்கு வேலைக்கு வரவிருக்கும் நண்பர்கள் என்னிடம் வாடகையைப் பற்றியும், மொழியைப் பற்றியும், சைவச் சாப்பாடு கிடைக்குமா என்பதைப் பற்றியும் கேட்பார்கள். குப்பையைப் பற்றி இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. ஆனால் காவலாளியோ குப்பை அறையோ இல்லாத பழைய நான்கு, ஐந்து மாடிக் கட்டடங்களில் குடியேறுகிற எவருக்கும் (நம்மைப் போன்ற சம்பளக்காரர்களுக்குப் பெரும்பாலும் கட்டுப்படியாவது அவைதான்) மாலைப் பொழுதைத் தீர்மானிப்பது குப்பை வண்டியே.

குப்பை தரையைத் தொடக்கூடாது என்பது தைவானின் தலைநகரான தைப்பேயின் விதி. ஆகவே தெருமுனையில் நம் ஊரில் இருப்பதுபோல் தொட்டி வைப்பதில்லை. பேத்தோவனின் ‘ஃபியூர் எலீஸ்’ இசையை ஒலித்தபடி வரும் மஞ்சள் வண்டி, குறித்த முனையில் சில நிமிடங்கள் மட்டும் நிற்கும். அதற்குள் நாமே இறங்கிப் போய்ப் பையைப் போட்டுவிட்டு வர வேண்டும். புதன்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் வண்டி வராது. தைப்பேயில் 2000ஆம் ஆண்டு முதல் குப்பைக் கட்டணத்தைப் பையின் விலையோடு சேர்த்தே வாங்கிவிடுகிறார்கள். கடைகளில் விற்கும் நகராட்சியின் நீலப் பையில் கட்டிய குப்பையைத்தான் வண்டியில் போடலாம். காகிதம், பாட்டில், தகரம் போன்ற மறுசுழற்சிப் பொருள்களுக்கு அந்தப் பை வேண்டாம் என்பதால், பிரித்துப் போடுகிறவருக்குச் செலவு குறைகிறது. அறிவுரைப் பலகைகளைவிட இந்தச் சின்னக் கணக்குதான் மக்களைக் குப்பையைத் தரம்பிரிக்க வைக்கிறது என்பது என் எண்ணம்.

எங்கள் தெருமுனையில் வண்டி வருவதற்குக் கால் மணி நேரம் முன்பே ஆட்கள் கூடிவிடுவார்கள். அலுவலக உடையோடு சிலர், வீட்டுச் செருப்போடு சிலர், பேரப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு பாட்டி. அந்தப் பாட்டிக்கு எல்லோருடைய பையிலும் ஒரு கண் இருக்கும். பால் அட்டைப்பெட்டியைக் கழுவாமல் கொண்டுவந்தால் பேசாமல் அதை எடுத்துக் கவிழ்த்து, உள்ளே மிச்சமிருக்கும் சொட்டைக் காட்டுவார். சமையல் கழிவை வண்டியின் பின்னால் தொங்கும் வாளியில் கொட்டும்போது, கூடவே பிளாஸ்டிக் உறை விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்வதும் அவர்தான். எனக்குச் சீனம் அரைகுறையாக வந்த காலத்திலும் இந்த வரிசையில் நிற்க ஒரு சொல்கூடத் தேவைப்படவில்லை.

மற்ற இடங்களில் வெளிநாட்டவர் என்பது முன்பெல்லாம் நம்முடைய அடையாள எண்ணிலேயே தெரிந்துவிடும். 2020 முடியும்வரை வெளிநாட்டவரின் குடியிருப்பு அட்டை எண், இரண்டு ஆங்கில எழுத்துகளும் எட்டு இலக்கங்களுமாக இருந்தது. குடிமக்களின் எண்ணுக்கு ஒரே எழுத்துதான். அதனால் பல இணையதளங்கள் நம் எண்ணைத் தவறானது என்று தள்ளிவிட்டன. பயணச்சீட்டு வாங்கவோ கடையில் உறுப்பினராகவோ தைவான் நண்பர் ஒருவரை நாட வேண்டியிருந்தது. 2021 ஜனவரியில் குடிமக்கள் எண்ணின் வடிவத்திலேயே புதிய எண் தரத் தொடங்கினார்கள். நல்ல மாற்றம்தான். ஆனால் பழைய எண்ணோடு வாழ்ந்தவர்கள் வங்கி, தொலைபேசி, காப்பீடு என்று ஒவ்வொரு வாசலிலும் போய் நின்று, பழைய ஆளும் புதிய ஆளும் ஒருவரே என்று நிரூபிக்க வேண்டியதாயிற்று.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். சைவ உணவகங்களின் பெயர்ப்பலகையில் பெரும்பாலும் நமக்குப் பழகிய ஸ்வஸ்திகாவை ஒத்த குறி இருக்கும். பௌத்த முறைச் சுத்த சைவத்தில் வெங்காயமும் பூண்டும் இருக்காது. முட்டை, பால், பூண்டு இவற்றில் எது உண்டு, எது இல்லை என்பதை உறையிலிட்ட சைவப் பண்டங்களின் மேல் அச்சிட்டே விற்கிறார்கள்.

வார இறுதிப் பயணமும் குப்பை வண்டியின் கணக்குக்குக் கட்டுப்பட்டதே. 2007இல் தொடங்கிய அதிவேக ரயிலில் தைப்பேயிலிருந்து தெற்கே உள்ள கயோசியுங் நகருக்கு இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். சனிக்கிழமை காலை புறப்பட்டு ஞாயிறு இரவு திரும்பினால், வெள்ளிக்கிழமை சமைத்த மீனின் செதில்கள் திங்கள் மாலை வரை வீட்டிலேயே கிடக்கும். அதற்கு இங்குள்ளவர்களின் வழி, கழிவைப் பையில் கட்டி ஃப்ரீசரில் வைத்துவிடுவது. முதலில் அருவருப்பாக இருக்கும். ஆனி மாத வெக்கையில் ஒருமுறை வெளியே வைத்துப் பார்த்தவர்கள் பிறகு மறுபேச்சுப் பேசுவதில்லை.

ஆகவே வீடு பார்க்கப் போகும்போது, தண்ணீர்க் கசிவையும் ஜன்னலையும் பார்ப்பதோடு, வண்டி எத்தனை மணிக்கு எந்த முனையில் நிற்கும் என்றும் வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆறரை மணி வண்டியை நம்பியிருக்கும் தெருவில் குடியேறி, எட்டு மணிக்கு அலுவலகத்திலிருந்து திரும்புகிறவராக இருந்தால், அடுத்த வண்டி நிற்கும் தெருவரை பையோடு நடக்க வேண்டியிருக்கும். வழித்தடமும் நேரமும் நகராட்சியின் இணையதளத்தில் உண்டு. முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பார்த்துவிடலாம்.